புது லேப்டாப் வாங்கப் போறீங்களா? முதல்ல பழசைத் திறந்து பாருங்க!

மின் கட்டணத்தைப் போனிலேயே கட்டுகிறோம். சான்றிதழை டிஜிலாக்கரில் காட்டுகிறோம். பேருந்து டிக்கெட்டும் போனில்தான். "எல்லாம் போன்லயே முடியுதே, கம்ப்யூட்டர் எதுக்கு?" என்ற கேள்வி உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான், 2025 ஜூலை வரை.

அந்த மாதம் என் தங்கைக்குப் பொறியியல் கலந்தாய்வு. கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் இணையத்தில் பதிய வேண்டும். பட்டியலில் மேலே இருப்பதற்குத்தான் முன்னுரிமை. வரிசை மாறினால் கிடைக்கும் இடமும் மாறும். அறுபதுக்கும் மேற்பட்ட விருப்பங்களைப் போனிலேயே விரலால் தள்ளித் தள்ளிப் பதிந்து முடித்தாள். ராத்திரி ஏதோ சந்தேகம் வந்து, பக்கத்து வீட்டு அண்ணனின் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். பெரிய திரையில் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. மூன்றாவதாக இருக்க வேண்டிய கல்லூரி முப்பத்தொன்றாவது இடத்தில் கிடந்தது. கிட்டத்தட்ட அதே பெயரில் உள்ள வேறொரு கல்லூரி மேலே ஏறியிருந்தது. கையில் இன்னும் ஒரு நாள் இருந்ததால் திருத்த முடிந்தது.

மறுநாளே அப்பா, "தவணையிலாவது ஒரு லேப்டாப் எடுத்துடலாம்" என்றார். அப்போதுதான் பரணில் இருக்கும் என் பிளஸ் டூ காலத்து விலையில்லா மடிக்கணினி நினைவுக்கு வந்தது. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "இது வேஸ்ட், புதுசு பாருங்க" என்று 38,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். இன்னொரு இடத்தில், சர்வீஸ் மட்டும் செய்கிற ஒரு அண்ணன் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஹார்ட் டிஸ்க்தான் ஸ்லோ. அதை மாத்தி, ரேம் கொஞ்சம் ஏத்துனா போதும்." செலவு நான்காயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இன்று தங்கையின் அசைன்மென்ட் எல்லாம் அதில்தான்.

எல்லாப் பழைய கம்ப்யூட்டரும் இப்படிப் பிழைக்கும் என்று சொல்ல வரவில்லை. சிலவற்றுக்குச் செலவு செய்வதே வீண். உங்களுடையது எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், உங்களுக்குக் கம்ப்யூட்டர் தேவையா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதிப் பணம் மிச்சம். பில் கட்டுவது, வில்லங்கச் சான்று பார்ப்பது, பட்டா நகல் இறக்குவது, முன்பதிவு செய்வது எல்லாவற்றுக்கும் போன் போதும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் வருமானச் சான்றிதழுக்கோ சாதிச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், பக்கத்தில் இருக்கும் இ-சேவை மையமே சிக்கனமான வழி.

ஆனால் சில வேலைகளுக்குப் பெரிய திரையும் கீபோர்டும் வேண்டும். நீண்ட விண்ணப்பங்கள், கலந்தாய்வு விருப்பப் பட்டியல், போட்டித் தேர்வுக்கான பயிற்சித் தேர்வுகள், கடைக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல், பிள்ளைகளின் புராஜெக்ட், வீட்டிலிருந்து வேலை... இவற்றில் ஒன்றாவது வாரா வாரம் உங்கள் வீட்டில் நடக்கிறதா? அப்படின்னா வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. பிரவுசிங் சென்டரில் ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் டவுன்லோட் செய்துவிட்டு, அழிக்காமலேயே எழுந்து வருபவர்கள் எத்தனையோ பேர். சொந்தக் கம்ப்யூட்டரில் அந்தப் பயம் இல்லை. இணைய இணைப்புக்குத் தனிச் செலவும் வேண்டாம். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு தையல் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்

கடையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். முன்னால் ஒரு மேசை. பின்னால் துணிகளை அடுக்கி வைக்கும் அலமாரி.

தையல்காரர்தான் பிராசஸர். எவ்வளவு வேகமாகத் தைக்கிறார் என்பது அவர் கைத்திறன்.

மேசைதான் ரேம். இப்போது தைத்துக்கொண்டிருக்கும் துணிகள் மட்டும் அதில் இருக்கும். மேசை பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு துணியை விரித்து வைக்கலாம். கம்ப்யூட்டரை அணைத்தால் மேசை காலியாகிவிடும்.

அலமாரிதான் ஸ்டோரேஜ். உங்கள் படங்கள், பி.டி.எஃப். கோப்புகள், விண்டோஸ் எல்லாம் அங்கேதான் நிரந்தரமாக இருக்கின்றன.

இப்போ பாருங்க. மேசை சின்னது, நாலு பேர் துணி கொடுத்துவிட்டார்கள். தையல்காரர் என்ன செய்வார்? பாதி தைத்ததை அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுப்பார். பிறகு மறுபடி அதை வைத்துவிட்டு இதை எடுப்பார். தைக்கும் நேரத்தைவிட நடக்கும் நேரம் அதிகம். ரேம் போதாத கம்ப்யூட்டரிலும் இதேதான் நடக்கிறது. ரேமில் இடமில்லாததை விண்டோஸ் ஸ்டோரேஜுக்குத் தள்ளும், தேவைப்பட்டால் திரும்ப எடுக்கும்.

அந்த அலமாரியே பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கதை இன்னும் மோசம். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சின்னக் கை அங்குமிங்கும் நகர்ந்து, தேவையானதைத் தேடிப் படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. எல்லாம் சிப். ஹார்ட் டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 எம்பி தரும் இடத்தில், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 500 எம்பி தரும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும்போது வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. விண்டோஸ் ஆன் ஆகும்போது நடப்பது அந்த வேலைதான்.

பழைய லேப்டாப்பைப் பார்த்து "பிராசஸர் போச்சு" என்று சொல்வதற்கு முன்னால் அலமாரியையும் மேசையையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஐந்தே நிமிடத்தில் நீங்களே செய்யும் பரிசோதனை

கம்ப்யூட்டரை ஆன் செய்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பிரவுசர், வேர்டு, ஒரு பி.டி.எஃப். ஆகியவற்றைத் திறந்து வையுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் பிராசஸர், மெமரி, டிஸ்க் மூன்றும் எவ்வளவு சதவீதம் வேலை செய்கின்றன என்று தெரியும்.

1. டிஸ்க் நீண்ட நேரம் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. பிராசஸர் சும்மா இருக்கிறது. பக்கத்தில் டிஸ்க் வகை எச்.டி.டி. என்று இருக்கிறது. அப்படியென்றால் எஸ்.எஸ்.டி. போட்டால் பெரிய மாற்றம் தெரியும்.

2. மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. ரேம் கூட்ட வேண்டும். அதே பக்கத்தில் மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்றும் காட்டும். இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

3. பிராசஸர்தான் எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கிறது. முதலில் வைரஸ் ஸ்கேன் செய்து பாருங்கள். பின்னணியில் தேவையில்லாமல் ஓடும் புரோகிராம்களை நிறுத்திப் பாருங்கள். அதன்பிறகும் அப்படியே இருந்தால், அந்தக் கம்ப்யூட்டர் உங்கள் வேலைக்குப் போதவில்லை என்று அர்த்தம். லேப்டாப்பில் பிராசஸர் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. இதில் மேற்கொண்டு பணம் போடாதீர்கள்.

4. மூன்றும் குறைவுதான், ஆனால் இணையப் பக்கம் மட்டும் மெதுவாகத் திறக்கிறது. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, நெட் இணைப்பில். புதுசு வாங்கினாலும் இது தீராது!

எதை மேம்படுத்தலாம், எப்படி?

எஸ்.எஸ்.டி.: பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பொருந்தும். சற்றே புதிய மாடல்களில் எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டும் இருக்கலாம். அதில் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு ரகம் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம். மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அன்றாடத் தேவைக்கு 256 ஜிபி போதும். படம், வீடியோ நிறைய சேமிப்பவர்கள் 512 ஜிபி பார்க்கலாம். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு யூ.எஸ்.பி. கேஸிங் வாங்கி அதில் போட்டால், குடும்பப் படங்களுக்கும் சான்றிதழ் நகல்களுக்கும் பேக்கப் டிஸ்க் ரெடி.

ரேம்: இன்றைய பிரவுசர்களுக்கு 4 ஜிபி திணறல்தான். 8 ஜிபி இருந்தால் வீட்டு வேலைகள் தடங்கல் இல்லாமல் நடக்கும். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 மூன்றும் வேறு வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையவே நுழையாது. லேப்டாப் ரேமும் டெஸ்க்டாப் ரேமும் அளவிலேயே வேறு. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்ல வழி. மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்ந்தே வரும். பிறகு கூட்ட முடியாது.

ஒரு எச்சரிக்கை. 2025-ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம், எஸ்.எஸ்.டி. விலை ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவது இதற்கு முக்கியக் காரணம். எனவே நான் செலவழித்த தொகைக்கே உங்களுக்கும் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். இரண்டும் சேர்ந்து கட்டுப்படி ஆகவில்லை என்றால், பரிசோதனையில் எது அதிகம் திணறியதோ அதை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

பேட்டரியும் தூசியும்: அடிப்பகுதி சூடேறி, ஃபேன் சத்தம் போட்டால் உள்ளே தூசி அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றினாலே வேகம் கொஞ்சம் திரும்பும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். பரணில் வெகுநாள் கிடந்த லேப்டாப் என்றால் முதலில் அடிப்பகுதியைக் கவனியுங்கள். மூடி உப்பியிருந்தால், டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடவே கூடாது. அழுத்துவது, குத்துவது கூடவே கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சர்வீஸ் மையத்தில் கொடுத்துக் கழற்றுங்கள்.

வாரண்டி காலம் முடியாத லேப்டாப்பை வெளியில் திறக்காதீர்கள். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருக்கிறீர்களா? இதைக் கட்டாயம் படியுங்கள்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். பூட்டு துருப்பிடித்துப் போன கதவு மாதிரி. அதில் நெட் பேங்கிங் செய்வது புத்திசாலித்தனம் அல்ல.

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, விண்டோஸ் 11-க்கு மாறுவது. மாறக் காசு இல்லை. ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் அதற்குத் தகுதி பெற வேண்டும்: குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப், அனுமதிக்கப்பட்ட பிராசஸர். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. ஐ3, ஐ5 என்பதற்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்று இருந்தால் முதல் இலக்கம் 8, ஆகவே 8-ஆம் தலைமுறை. முதல் இலக்கம் 1 என்றால் இரண்டு இலக்கம் சேர்த்துப் படிக்க வேண்டும்; 1115 என்பது 11-ஆம் தலைமுறை. இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால், மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலி ஒரே கிளிக்கில் சொல்லிவிடும்.

இரண்டு, நீட்டிப்புத் திட்டம். வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். இது அவகாசம் மட்டும்தான், தீர்வு அல்ல.

மூன்று, லினக்ஸ். இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் இலகுவாக ஓடும், அப்டேட்டும் வரும். லினக்ஸ் மின்ட் பார்ப்பதற்கும் விண்டோஸ் போலவே இருக்கும். நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. பிரவுசர், லிப்ரே ஆபீஸ், பி.டி.எஃப். எல்லாம் உண்டு. என் பழைய லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. அக்டோபரில் லினக்ஸ் மின்ட்டுக்கு மாற்றினோம். அம்மா இரண்டே நாளில் பழகிவிட்டார். ஆனால் டாலி போன்ற கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், சில நிறுவனத் தேர்வு மென்பொருள்கள் விண்டோஸையே கேட்கலாம். அந்த வேலை இருப்பவர்கள் மாறும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

"லைசென்ஸ் இல்லாம விண்டோஸ் போட்டுத் தரேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிப் போடும் திருட்டு நகலோடு வேறு என்னென்ன உள்ளே வரும் என்று தெரியாது.

புதிதுதான் வாங்க வேண்டும் என்றால்

சரி, பரிசோதனை செய்தாயிற்று. பழசு தேறாது. அல்லது வீட்டில் பழசே இல்லை. கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: யார் பயன்படுத்தப் போகிறார்கள், எதற்கு, வீட்டில் ஒரே இடத்திலா அல்லது வெளியே தூக்கிப் போக வேண்டுமா? பிராண்டைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

*விண்ணப்பம், பாடம், டைப்பிங், வீடியோ வகுப்பு:* ஐ3 அல்லது ரைசன் 3 ரகத்தில் அண்மைத் தலைமுறை பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 அல்லது 512 ஜிபி எஸ்.எஸ்.டி. இது தாராளம்.

*கணக்கு, பெரிய எக்செல், நிரல் எழுதப் பழகுதல்:* ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி.

*வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம், 3டி, கேம்:* தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படலாம். பொறியியல் முதலாண்டு சேரும்போதே இதை வாங்கி வைக்க அவசியம் இல்லை. துறையில் கேட்டுவிட்டு இரண்டாம் ஆண்டில் முடிவு செய்யலாம்.

எந்த ரகமானாலும் நான்கு விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும். இரண்டு, திரை ஃபுல் எச்.டி., அதாவது 1920-க்கு 1080 புள்ளிகள். மூன்று, ரேமைப் பிறகு கூட்ட வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வழி இல்லை என்றால் முதலிலேயே போதுமான அளவு வாங்கிவிடுங்கள். நான்கு, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் மையம் இருக்க வேண்டும்.

வீட்டில் ஒரே இடத்தில்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் டெஸ்க்டாப்பையும் யோசியுங்கள். அதே விலைக்குப் பெரிய திரை கிடைக்கும். பாகங்களைத் தனித்தனியாக மாற்றலாம். கரண்ட் போனால் வேலை போகாமல் இருக்க ஒரு யூ.பி.எஸ். கட்டாயம், அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கினால். அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாக விற்கும் லேப்டாப்களைச் சரிசெய்து, 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் நிறையக் கிடைக்கும். உறுதியான கட்டமைப்பு கொண்ட அலுவலக மாடல்கள் என்பதால் பல நல்ல நிலையிலேயே இருக்கும். ஆனால் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர் என்றால் விண்டோஸ் 11 சிக்கல் வரும். விலை குறைவு என்று ஏமாற வேண்டாம்.

கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். நோட்பேடைத் திறந்து கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பாருங்கள். எல்லா யூ.எஸ்.பி. துளையிலும் பென் டிரைவைச் செருகுங்கள். வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜர் சரிபாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். பேட்டரியின் நிலை தெரிந்துவிடும். வாங்கும்போது சீரியல் எண் எழுதிய பில்லும், மூன்று அல்லது ஆறு மாத வாரண்டியும் கேளுங்கள். பில் தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தமிழில் டைப் செய்வது ரொம்ப ஈஸி

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலரும் கேட்பது, "தமிழ் ஃபான்ட் எங்க கிடைக்கும்?" தனியாக எதுவும் தேவையில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் மொழி பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால், தமிழ்99 கீபோர்டும், 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் ஃபொனெடிக் கீபோர்டும் உள்ளேயே இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது 1999-இல். எழுத்துக் குறியீட்டுக்கு யூனிகோடை அரசுத் தரமாக அறிவித்தது 2010-இல்.

யூனிகோடில் அடித்தது எந்தப் போனிலும், எந்த இணையதளத்திலும் அப்படியே தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து இணையப் படிவத்தில் ஒட்டினால் புரியாத எழுத்துகளாகத்தான் தெரியும். மனு எழுதும்போது இதை மறக்காதீர்கள்.

பழசை என்ன செய்வது?

விற்கும் முன், கொடுக்கும் முன் உங்கள் தகவல்களை அழியுங்கள். கோப்புகளை டெலீட் செய்தால் மட்டும் போதாது, மீட்டெடுத்துவிடலாம். விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' என்பதில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, அதன் செட்டிங்ஸில் 'க்ளீன் டேட்டா' என்பதையும் ஆன் செய்யுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் அவசியம்.

ஓடவே ஓடாததைப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம். உள்ளே ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. திறந்த வெளியில் எரித்தால் புகை நமக்குத்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி, மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. உங்கள் பிராண்டின் இணையதளத்தில் பழையதைத் திருப்பி எடுக்கும் வசதியைப் பாருங்கள், அல்லது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.

ஏமாற்றப்பட்டால்?

ஜி.எஸ்.டி. பில், வாரண்டி அட்டை, பெட்டியில் உள்ள சீரியல் எண் மூன்றையும் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். பொருள் பழுது, வாரண்டி மறுப்பு, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம்.

"உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, இந்த நம்பருக்கு கூப்பிடுங்க" என்று திரையில் தோன்றினால் கூப்பிடாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று உங்கள் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவாதீர்கள். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒருமுறை

• வாரா வாரம் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறதா? இல்லையென்றால் இ-சேவை மையம் போதும்.
• வீட்டில் பழசு இருக்கிறதா? பேட்டரி வீங்கவில்லை என்று பார்த்துவிட்டு டாஸ்க் மேனேஜர் பரிசோதனை.
• டிஸ்க் திணறினால் எஸ்.எஸ்.டி.; மெமரி திணறினால் ரேம்; பிராசஸர் திணறினால் புதுசு.
• விண்டோஸ் 11 ஏற்குமா? இல்லையென்றால் லினக்ஸ்.
• மேம்படுத்தும் செலவு, அதே வேலையைச் செய்யும் புது லேப்டாப் விலையில் பாதியை நெருங்கினால் விட்டுவிடுங்கள்.
• எது வாங்கினாலும் பில்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை மட்டுமே நம் மாநிலத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் எத்தனை இன்னும் பரணிலும் பீரோவிலும் தூங்குகின்றனவோ! எல்லாமே எழுந்து ஓடாது. ஆனால் சில எழுந்தால்கூட, அடுத்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் ஒரு தங்கை தன் விருப்பப் பட்டியலை முழுத் திரையில், வரிசை மாறாமல் சரிபார்க்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க.